ஆர்சியில் உண்மையை எழுத இடம் கொடுங்கள்: பழைய கார்கள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்னையில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள், டிங்கர் வேலை பார்க்கிறவர்கள், அந்தக் கார்களை வைத்து ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். 50 வயது கடந்த வாகனங்களைப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு தனிப் பிரிவு சேர்ந்தது. அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தும்போது எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்ற கோட்டைத் தமிழ்நாட்டின் எல்லாப் பதிவு அலுவலகங்களுக்கும் தாங்கள் எழுத்தில் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கோடு இல்லாததால் நல்ல வேலை மறைக்கப்படுகிறது, மோசமான வேலை தப்பித்துக்கொள்கிறது. எப்படி என்று கீழே விவரமாகச் சொல்கிறோம்.

அந்தப் பிரிவில் நல்லவை நிறைய. படிவம் 20-உடன் காப்பீடு, கட்டணம், பழைய ஆர்சி (பதிவுச் சான்று) அல்லது இறக்குமதிச் சீட்டு வைத்து விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் சான்று. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் காருக்கு மாநிலக் குறியை அடுத்து விஏ என்ற எழுத்துகளோடு எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, தொழில்நுட்ப ஆய்வு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். இவற்றில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. வாகனம் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி ஷெல் (உடற்கூடு), இன்ஜின் இவற்றில் மாற்றம் உள்பட பெரிய அளவிலான வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. 50 ஆண்டு ஓடிய ஒரு காரில், அதுவும் சென்னையில் ஓடிய காரில், இந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தால் தேறும் கார் அநேகமாக இருக்காது. அதனால் ஒவ்வொரு ஆய்வாளரும் தமக்குத் தோன்றியபடி பொருள் கொள்கிறார். ஒரே மாதிரியான இரண்டு கார்களுக்கு இரண்டு அலுவலகங்களில் இரண்டு பதில் வருவதற்கு இந்த விதி இடம் கொடுக்கிறது.

முதலில் பாடியை எடுத்துக்கொள்வோம். பியட் 1100, அம்பாசடர் இரண்டுக்கும் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில், முன்பக்கம் இன்ஜினைத் தாங்கும் கால்கள் எல்லாம் சேர்ந்த ஒற்றைக் கூடுதான் காரைத் தாங்குகிறது. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வேறு வகை. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே ‘சேஸிஸில் மாற்றம்’ என்ற சொல்லுக்கு ஹெரால்டில் ஒரு பொருள், பியட்டில் வேறு பொருள். பியட்டின் தரையில் ஓர் அடித் தகடு மாற்றினாலும் அது ‘பாடி ஷெல்லில் வேலை’ ஆகிவிடுகிறது.

இந்த ஊரில் அந்த வேலை செய்யாமல் தீராது. ராயபுரத்திலிருந்து திருவான்மியூர் வரை கடலோரத் தெருக்களில் நிற்கும் கார்களை உப்புக்காற்று கீழிருந்து தின்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்களில் சில்லுக்குள் புகுந்த சேறு அங்கேயே தங்கிவிட்டது. சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்தகடு போய்விட்டிருக்கும். ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும். ஜாக்கி வைத்தால் கார் தூக்காமல் ஜாக்கி மேலே ஏறுகிறது என்றால் அங்கே இரும்பு இல்லை என்று பொருள்.

இதைச் சரிசெய்யும் முறையான வழி இது. கதவைக் கழற்றாமல், தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஓர் அங்குலச் சதுரக் குழாயை வெல்ட் வைத்துக் கதவுச் சட்டத்தை இறுக்க வேண்டும். காரின் எடை சஸ்பென்ஷன் உட்காரும் இடங்களில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்துச் சில்லை மட்டும் வெட்டி, அதை முடித்த பின்புதான் மறுபக்கம். இந்த வரிசையை மீறி இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும்; அதற்குப் பிறகு கதவு மூடாது, எந்த வெல்டும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. தரைக்கு 20 கேஜ், சில்லுக்கு 18 கேஜ் தகடு. துருவை ஓரம் வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து, சூடு ஓரிடத்தில் தேங்காமல் விட்டு விட்டு மிக் வெல்ட் வைக்க வேண்டும். பழைய துருவின் மேல் தகட்டை ஒட்டுப்போட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று சில மழைக்காலத்திலேயே மறுபடி அரித்துவிடும். முடிந்த பின் உள்புறம் மெழுகு கலந்த துருத்தடுப்பு அடிக்க வேண்டும்.

மோசமான வழியும் இருக்கிறது. ஓட்டையின் மேல் ஃபைபர் மேட் ஒட்டி, ரெசின் தடவி, பட்டி போட்டு, தேய்த்து, அண்டர்கோட்டிங் அடித்துவிடுவது. செலவு குறைவு, நாலைந்து நாளில் முடியும். பார்வைக்கு அசல் கார். வேகமாகப் போகும்போது ஒரு மோதல் நடந்தால் அந்தச் சில் அட்டைப்பெட்டி போல மடங்கும்.

இன்றைய விதியின்படி இந்த இரண்டில் எது பாதுகாப்பாக ஆய்வைக் கடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புது இரும்பு வைத்துப் புகைப்படமும் ரசீதும் வைத்திருப்பவர் ‘பாடி ஷெல்லில் வேலை செய்தேன்’ என்று தாமே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். பட்டி போட்டவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அதனால் ஒழுங்காக வேலை செய்தவர்களும் புகைப்படங்களை அழித்துவிடுகிறார்கள். பத்தாண்டு கழித்து அதே காரை வாங்குகிறவருக்கு அதன் எலும்பு எங்கே ஒட்டப்பட்டது என்று தெரிய வழியே இல்லை.

அடுத்தது இன்ஜின். இங்கே கணக்கோடு பேசலாம். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் சிலிண்டர் முட்டை வடிவமாகத் தேயும், ரிங் பிடிக்காது, சைலன்ஸரில் நீலப்புகை வரும். லேத்தில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து சற்று அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். மெக்கானிக்குகள் ‘தௌ’ என்று சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை. 40 தௌ போர் ஏறிய இன்ஜினின் கொள்ளளவு 1531 சிசி. 60 தௌ என்றால் 1552 சிசி. ஆர்சியில் இருப்பதோ 1489. எழுத்துப்படி பார்த்தால் ‘இன்ஜின் மாற்றப்பட்டது’. ஆனால் ஓவர்சைஸ் பிஸ்டனையும் அண்டர்சைஸ் பேரிங்கையும் தேய்மானத்துக்கு மருந்தாகத் தயாரிப்பாளரே அளவு போட்டு வெளியிட்டார். அதைச் செய்தவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்த பிளாக்கில் ஸ்லீவ் என்ற உள்குழாயை இறக்கிப் பழையபடி 1489-க்கே கொண்டுவருவதும் நாள்பட்ட வழக்கம்தான்.

வால்வு சீட்டும் இப்படியே. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் மட்டுமே. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஈயம்தான் மெத்தையாக இருந்தது. அது இல்லாததால் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் சீட் உள்ளே அமுங்கும், டாப்பெட் இடைவெளி மூடும், கம்ப்ரஷன் போகும், கடைசியில் வால்வு எரியும். ஹெட்டைக் குடைந்து 3 முதல் 4 தௌ இறுக்கத்தில் கடினப்படுத்திய சீட் வளையம் அடித்தால் தீர்ந்தது. அரசு எரிபொருளை மாற்றியது, காரைக் காப்பாற்ற ஹெட்டில் வேலை செய்ய வேண்டியதாயிற்று. இதை மாற்றம் என்று எண்ணலாகாது.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். ஈரத்தை இழுப்பதால் துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர் உடம்பில் வெள்ளைப் பொடி பூக்கும், இரும்பு டேங்க்கின் அடியில் துரு சேரும். எரிவதற்குக் காற்று, எரிபொருள் விகிதம் சுத்தமான பெட்ரோலில் 14.7-க்கு 1, இந்தக் கலவையில் ஏறத்தாழ 13.5-க்கு 1. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையோ எஸ்யு கார்புரேட்டரின் நீடிலையோ மாற்றாவிட்டால் கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகி, ஏறும் வழியில் இருமும். ஹோஸ் கசிந்தால் சூடான எக்ஸாஸ்டின் மேல் சொட்டும். தீப்பிடிப்பதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஆகவே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரம் அச்சிட்ட ஹோஸ், எத்தனால் தாங்கும் டயஃப்ரம், மாற்றிய ஜெட் ஆகியவற்றை ‘அசல் அல்ல’ என்று தள்ளாமல், இருக்கிறதா என்று கேட்கும் நிலை வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

பிரேக்கில் இன்னும் தெளிவு தேவை. அந்தக் காலக் கார்கள் பலவற்றில் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்ப ஒற்றை மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட். நான்கு சக்கரத்தில் ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தாலும் மிதி தரை வரை போய்விடும், நான்கு சக்கரமும் நிற்காது. இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன்சக்கரங்களுக்கு ஒரு லைன், பின்சக்கரங்களுக்கு ஒரு லைன் என்று பிரித்தால், ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்பான் தட்டைச் சிறிதளவு துளையிட வேண்டியிருக்கும். கூட்டின் வலு குறையாது. ஆர்சியில் பிரேக் பற்றிய பத்தியே இல்லை. இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் உதிரிபாகம் பொருத்தினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. எது அனுமதிக்கப்பட்டது என்ற பட்டியல் கையில் இல்லாதபோது, இரட்டை பிரேக் போட வேண்டிய ஆள் தயங்கி ஒற்றை பிரேக்கிலேயே அண்ணா சாலையில் ஓட்டுகிறார். சீட் பெல்ட், கைகாட்டிக்குப் பதில் மினுக்கும் இண்டிகேட்டர், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட், ரேடியேட்டருக்கு மின்விசிறி, 5.20-14 அல்லது 5.90-15 குறுக்கிழை டயருக்குப் பதில் அதே வட்டத்துக்குரிய ரேடியல் என்று இந்த வரிசை நீளும். எல்லாமே போல்ட்டைக் கழற்றினால் பழையபடி திரும்பக்கூடியவை.

இனி மிகவும் சிக்கலான கார்களுக்கு வருவோம். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது பெரிய அமெரிக்கக் கார்களிலும் வாடகைக்கு ஓடிய கார்களிலும் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் ஏறியது. பிறகு அம்பாசடர்களில் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜின் ஏறியது. பலவற்றில் அப்போதே ஆர்சியில் ‘டீசல்’ என்று முறைப்படி எழுதி முத்திரை வாங்கியிருக்கிறார்கள். இன்று அந்தக் கார் 60, 70 வயதை எட்டிவிட்டது. டீசல் இன்ஜினோடு கொண்டுவந்தால் ‘இன்ஜின் மாற்றப்பட்டது, பழங்காலப் பதிவு இல்லை’ என்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்தினால், அது அதே வகை இன்ஜின்தான் என்றாலும் எண் வேறு. ‘ஆர்சியில் உள்ள எண் பொருந்தவில்லை’ என்கிறார்கள். உரிமையாளருக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னது. அந்தத் தீர்ப்பை நாங்கள் மதிக்கிறோம். அதே பிரிவு வேறு எரிபொருளுக்கான இன்ஜின் மாற்றத்துக்கு நிபந்தனையோடு இடம் தருகிறது. தயாரிப்பாளர் குறித்த வகைக்கே காரைத் திருப்பிக் கொண்டுபோவது தீர்ப்பின் நோக்கத்துக்கு நேர் பொருத்தமானது என்றே படிக்கிறோம். இதில் ஒரு நடைமுறைக் கேள்வியும் உண்டு. தயாரிப்பாளர் குறித்தது என்ன என்று யாரைக் கேட்பது? ஸ்டாண்டர்ட் கார் கம்பெனி இல்லை. பியட் 1100-இன் வழிவந்த பிரீமியர் பத்மினி நின்றுவிட்டது. அம்பாசடர் 2014-ல் நின்றுவிட்டது. மிச்சமிருப்பவை பணிமனைக் கையேடும் உதிரிபாகப் பட்டியலும்தான். அவற்றின் பக்கங்களை ஆதாரமாக ஏற்கலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சேஸிஸ் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 17 எழுத்து எண்முறை 1980-களில் பரவியது. அதற்கு முந்தைய கார்களில் ஐந்தாறு இலக்கம் இருந்தால் அதிகம். பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் எண் இரும்பில் குத்தப்படவில்லை. அடைப்பான் தட்டில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அதன் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்தால் குத்தெழுத்து போலத் தெளிவாக விழாது. அதை வைத்துச் சந்தேகப்படும் ஆய்வாளரைக் குறை சொல்ல மாட்டோம். எந்த மாடலில் எண் எங்கே, எந்த வடிவில் இருக்கும் என்ற குறிப்பு அவர் கையில் இல்லை. இந்தக் குறிப்பைப் படத்தோடு தயாரித்துத் தர எங்களால் முடியும். எண் குத்திய இடமே துருப்பிடித்திருந்தால் நாங்கள் தொழிலாளர்களுக்குச் சொல்லும் விதி இதுதான்: எண்ணைச் சுற்றி 50 மில்லிமீட்டர் விட்டு வெட்டு, வெட்டிய துண்டைத் தூக்கி எறியாதே, எண்ணெய் தடவிக் காரோடு வை, உன் கையால் எண்ணைக் குத்தாதே. மறுபடி குத்துவது தங்கள் அலுவலகத்தின் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். அதற்கான தெளிவான நடைமுறை மட்டும் வேண்டும்.

பதிவு அலுவலகங்களின் மூலப்பதிவுப் புத்தகங்களான பழைய பி ரிஜிஸ்டர்கள் அழிவதற்குள் காப்பாற்றுங்கள். எம்எஸ், எம்டி என்று தொடங்கும் சென்னை மாகாணக் காலத்து எண்களின் மூலப்பதிவு அந்தத் தடித்த புத்தகங்களில்தான் இருக்கிறது. 1953-ல் ஆந்திரமும் 1956-ல் மலபாரும் பிரிந்தபோது மாகாணத்தின் மாவட்டங்களே மூன்று மாநிலங்களுக்குப் போய்விட்டன, புத்தகங்களும் சிதறின. தாள் ஆர்சியை வாகனப் பதிவுக்கான வாஹன் இணையதளத்தில் பழைய பதிவாக (பேக்லாக்) ஏற்ற வேண்டுமென்றால் பி ரிஜிஸ்டர் நகல் தேவை. புத்தகத்தைக் கரையான் தின்றால் கார் சட்டத்தின் கண்ணில் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

ராணுவ ஏலத்தில் வந்த ஜீப்புகள் இன்னொரு கிளை. 50 ஆண்டு என்பது முதல் விற்பனைக்குப் பின் நடந்த முதல் பதிவு நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 1965-ல் தயாராகி, படையில் ஓடி, 1985-ல் ஏலம்போய்ப் பதிவான ஜீப் 2035-ல்தான் பழங்கால வாகனம் ஆகும். தயாரிப்பு ஆண்டை எண்ணுவதே சரி. இது தங்கள் கையில் இல்லை, மத்திய அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. தங்கள் பரிந்துரை அங்கே போனால் எடை கூடும்.

மற்ற நாடுகள் இதே முடிச்சை எப்படி அவிழ்த்தன என்று பார்ப்பது பயன்படும். பிரிட்டனில் பல ஆண்டுகள் எட்டுப் புள்ளி முறை இருந்தது. சேஸிஸ் அல்லது ஒற்றைக் கூட்டுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. மொத்தம் 14-ல் 8 தேறினால் பழைய எண் தங்கும். இன்ஜினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பதைக் கவனியுங்கள். காரின் அடையாளம் அதன் எலும்பில் இருக்கிறது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் சேஸிஸில் சிறிதாக வெட்டினாலும் அந்த ஐந்தும் போய்விடும் என்பதால் நல்ல கார்கள் மாட்டிக்கொண்டன. 2025 ஆகஸ்டில் கொள்கையைத் தளர்த்தினார்கள். அசலைப் போலவே பழுதுபார்த்தால் தெரிவிக்கக்கூடத் தேவையில்லை. பெரிய மாற்றம் செய்தால் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் சேஸிஸ் எண்ணும் பதிவெண்ணும் தங்கும். ஜெர்மனியில் 30 வயது கடந்த காருக்கு எண்ணின் முடிவில் ஹெச் எழுத்து கிடைக்கும். கார் பிறந்த முதல் பத்தாண்டுக்குள் நடந்த, அல்லது அந்தக் காலத்தில் நடந்திருக்கக்கூடிய மாற்றங்களை அங்கே அந்தக் காலத்தின் பகுதியாகவே ஏற்கிறார்கள். நம்மூர் பெர்கின்ஸ் காருக்கு இந்தப் பார்வை அப்படியே பொருந்தும். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் சென்னை எப்படிக் கார் ஓட்டியது என்பதற்கு அந்த டீசல் இன்ஜினே சாட்சி.

ஆகவே நாங்கள் கேட்கும் சுற்றறிக்கையில் இவை இருக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டை அதே வடிவில், அதே அல்லது கூடுதல் தடிமனில் மாற்றுவது பழுதுபார்ப்பு. தயாரிப்பாளர் அளவு கொடுத்த ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஸ்லீவ், வால்வு சீட் எல்லாம் பழுதுபார்ப்பு. அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜின் வேறு எண்ணோடு வந்தால் அது மாற்று இன்ஜின். வாங்கிய ரசீதும், அந்த இன்ஜின் எடுக்கப்பட்ட வாகனத்தின் ஆர்சி நகலும் பெற்றுப் புது எண்ணை ஆர்சியில் எழுதிப் பழங்காலப் பதிவுக்கு ஏற்க வேண்டும். 30 ஆண்டுக்கு முன்பே ஆர்சியில் ஏறிய எரிபொருள் மாற்றம் காரின் வரலாறு. அது தடையாகக் கூடாது. பாதுகாப்புக்காகப் போல்ட்டில் பொருத்திய, கழற்றக்கூடிய பாகங்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். அசல் பாகத்தை உரிமையாளர் பத்திரப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் போடுங்கள், சரி.

இவை எல்லாவற்றையும்விட ஒன்றை அழுத்திக் கேட்கிறோம்: பெயின்ட் ஏறுவதற்கு முன் ஆய்வு. வெல்ட் முடிந்து ரெட் ஆக்ஸைடோ எபாக்ஸி பிரைமரோகூட அடிக்காத நிலையில் உரிமையாளர் விண்ணப்பித்தால் ஆய்வாளர் வந்து பார்க்கட்டும். சுத்தியால் தட்டினால் இரும்புச் சத்தமா பட்டிச் சத்தமா என்று தெரியும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஊசிமுனையால் குத்தினால் துரு உதிரும். பெயின்ட் ஏறிய பிறகு வெல்ட் எப்படி இருக்கிறது என்று ஆய்வாளர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். நேரில் வர இயலாவிட்டால் நான்கு கட்டத்தில் புகைப்படம் கேளுங்கள்: வேலைக்கு முன், வெட்டிய பின், வெல்ட் முடிந்த பின், பெயின்ட்டுக்குப் பின். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடிக்கோலும் பதிவெண் எழுதிய பலகையும் இருக்கட்டும். இந்தப் படங்கள் வாஹன் பதிவோடு சேர்ந்தால் அடுத்து வாங்குகிறவர் ஏமாற மாட்டார், காப்பீட்டு நிறுவனம் பின்னால் மறுப்புச் சொல்ல இடம் இருக்காது, திருட்டுக் காரை வெட்டி ஒட்டுகிறவனுக்கு வழி அடைபடும்.

எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஜீப்பின் சேஸிஸ் மேல் அம்பாசடர் கூட்டை உட்கார வைத்தால் அது பழைய கார் அல்ல. கூரையை வெட்டிக் கல்யாண ஊர்வலத்துக்கான திறந்த காராக்குவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். ஒற்றைக் கூட்டில் கூரையும் சுமை தாங்குகிறது, அதை எடுத்த கார் நடுவில் முறியும். ஃபைபரில் வார்த்த பழைய பாணிக் கூடு புதுக் கார்தான். பழைய ஆர்சியை மட்டும் வாங்கி, அதற்கேற்ப வேறு காரில் எண் குத்துவது திருட்டு. அதற்குப் பழங்காலப் பதிவின் பெயர் பயன்படக் கூடாது. மின்சாரத்துக்கு மாற்றிய பழைய கார்களுக்கும் விஏ எண் வேண்டாம் என்பதே எங்களில் பெரும்பாலோர் கருத்து. மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டுகளுக்கான ஏஐஎஸ் 123 தரத்தின்படி ஒப்புதல் பெற்ற கிட் இருந்தால், கூட்டை வெட்டாமல் பொருத்தியிருந்தால், சாதாரண வாகனமாக ஆர்சியில் எழுதி ஓட்டட்டும்.

50 வயதை எட்டாத கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-கள், கான்டெஸா, ஸ்டாண்டர்ட் 2000 எல்லாம் 40-ஐத் தொட்டுவிட்டன. 2025 ஆகஸ்ட் முதல் 20 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். காரின் சந்தை விலையைவிடக் கட்டணம் கனக்கும்போது அது பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்ப் பாகம் பாகமாகிவிடும். பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 30 வயதிலேயே வரலாற்று வாகனம் என்கிறது. 30 முதல் 50 வரை ஓர் இடைநிலை வகுப்பு வேண்டும் என்று மத்திய அமைச்சகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும். புகை விஷயத்தில் எங்களுக்குச் சலுகை வேண்டாம்: பாரத் நிலை இரண்டு என்ற புகைத் தரத்துக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் என்ற வரம்பு இருக்கிறது. பாயின்ட் இடைவெளி, டைமிங், கலவை மூன்றும் சரியாக வைத்த இன்ஜின் அதற்குள் நிற்கும். நிற்காவிட்டால் இன்ஜினில் கோளாறு, திருப்பி அனுப்புங்கள்.

மத்திய விதியின் சொற்களை மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்தச் சொற்களுக்குப் பதிவு அலுவலர்கள் ஒரே மாதிரிப் பொருள் கொள்ளச் செய்வது தங்கள் அதிகாரத்துக்குள் வருகிறது. வரைவுச் சுற்றறிக்கை, மாடல்வாரியாக எண் இருக்கும் இடங்களின் படக்குறிப்பு, பெயின்ட்டுக்கு முந்தைய ஆய்வுக்கான இரண்டு பக்கப் படிவம் மூன்றையும் நாங்களே தயாரித்துத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறோம். பெயின்ட் எடுத்து வெறும் இரும்பாக நிற்கும் ஒரு பியட் கூட்டையும், ஒரு ஹெரால்ட் சேஸிஸையும் வரிசையாக நிறுத்தி, நல்ல வெல்ட் எது, பட்டி எது என்று மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு அரை நாளில் காட்டிவிடலாம். சேப்பாக்கமோ கிண்டியோ, தாங்கள் சொல்லும் இடத்துக்குக் கொண்டுவருகிறோம். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் நல்லது. பிரைமர் இல்லாத இரும்பை அதற்கு மேல் வெளியே வைத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
சென்னையில் பழைய கார்களைப் பழுதுபார்ப்போரும் வைத்திருப்போரும்